அடுப்பிலேயே இருக்கும் மீன்குழம்பு: ஒரு வாசகியின் கேள்விக்கு மருத்துவரின் பதில்

சிங்கப்பூரின் செங்காங்கில் வீவக அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. வீட்டில் கணவர், தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் மகள், எழுபதைத் தாண்டிய மாமியார். மாமியாருக்கு நீரிழிவு உண்டு. ஞாயிறு காலையில் கணவர் தேக்கா சந்தைக்குப் போய் மீன், இறால், கணவாய் என்று வாரத்துக்கே வாங்கி வந்துவிடுவார். அன்று இரவு மாமியார் மீன்குழம்பு வைப்பார். மறுநாள் ஊறிய பிறகுதான் எல்லோரும் சாப்பிடுவார்கள். சட்டி அடுப்பிலேயே இருக்கும். காலையிலும் இரவிலும் ஒருமுறை கொதிக்க வைத்தால் செவ்வாய் வரை ஓடும். “ஃபிரிட்ஜில் வைத்தால் ருசி செத்துவிடும், சூடாக வைத்தால் ஃபிரிட்ஜே கெட்டுவிடும்” என்பது மாமியாரின் கட்சி.

சென்ற மாதம் ஒரு திங்கள் இரவு அப்படி வைத்த தெங்கிரி மீன்குழம்பில் கணவர் இரண்டு துண்டு சாப்பிட்டார். அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வந்திருக்கின்றன. மருந்தகத்தில் மாத்திரை கொடுத்து, மீன் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். விடிவதற்குள் சரியாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவர் மீனைத் தொடுவதில்லை. அதே குழம்பில் ஒரு துண்டு சாப்பிட்ட வாசகிக்கு நாக்கில் மிளகு கடித்ததுபோல ஒரு சுருசுருப்பு, அவ்வளவுதான். “அத்தையின் பழைய குழம்புதான் காரணம் என்று நான் சொல்ல, வீட்டில் பேச்சுவார்த்தையே குறைந்துவிட்டது. மீந்த மீனை எத்தனை நாள் வைக்கலாம்? வாடை வராவிட்டால் சாப்பிடலாமா? மகளுக்கு மறுநாள் இறால் சோறு கட்டிக் கொடுக்கலாமா? நான் இந்த நேரத்தில் மீனையே விட்டுவிட வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவரைப் பற்றிப் பேசிவிடுவோம். அதில்தான் நீங்கள் கொஞ்சம் வழிமாறிப் போயிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது ஒவ்வாமையைவிட ‘ஹிஸ்டமின் நஞ்சு’ போலத்தான் தெரிகிறது. தெங்கிரி என்று நாம் கேட்டு வாங்கும் வஞ்சிரம், கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் குளிர்ச்சியில்லாமல் கிடந்தால் சில கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமை வரும்போது நம் உடம்பே சுரக்கும் பொருளும் இதுதான். அதனால்தான் அறிகுறிகள் ஒரே மாதிரி இருக்கின்றன: முகம் சிவப்பது, தலைவலி, படபடப்பு, சிலருக்குத் தடிப்பும் வயிற்றுப்போக்கும். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மாத்திரையே இதற்கும் கேட்கும். உங்கள் நாக்கில் வந்த அந்தச் சுருசுருப்பு எனக்கு முக்கியமான தடயம். ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்ட இரண்டு பேருக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது. ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் ஒருவரோடு நின்றுவிடும். ஒரே மீனில்கூட ஒரு துண்டில் ஹிஸ்டமின் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருக்கலாம். உங்களுக்கு லேசாகப் போனதில் அதிசயம் இல்லை.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள்: கணவர் ஒன்பது மணிக்கு மீன் வாங்கி, அப்புறம் காலைப் பசியாறி, கோயிலுக்குப் போய், பூவும் மளிகையும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர ஒரு மணி ஆகிவிட்டது என்று. மீன்காரர் ஐஸ் மேல்தான் வைத்திருந்தார். அதன் பிறகு நான்கு மணி நேரம் அந்த மீன் ஒரு பிளாஸ்டிக் பையில் நம் ஊர் வெயிலில் சுற்றியிருக்கிறது. ஹிஸ்டமின் அப்போதே உருவாகியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஒருமுறை உருவாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. அத்தை சட்டியைத் தொடுவதற்கு முன்பே காரியம் நடந்து முடிந்திருக்கலாம் என்கிறேன். அவர் மேல் போட்ட பழியை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்வது நியாயம்.

அதற்காகக் கணவரை வீட்டிலேயே மீன் சாப்பிட வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம். நான் அவரைப் பரிசோதிக்கவில்லை. பலதுறை மருந்தகத்தில் நடந்ததையெல்லாம், நீங்கள் சாப்பிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஒவ்வாமைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஒவ்வாமை இல்லை என்று தெரிந்துவிட்டால் அவர் காலமெல்லாம் மீனைத் துறக்க வேண்டியதில்லை. அந்த வார மீனில் மிச்சத் துண்டுகள் இன்னும் ஃப்ரீசரில் இருந்தால் மட்டும் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இனிமேல் மீன் வாங்குவதைச் சந்தை வேலையில் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு குளிர்காப்புப் பை, மீன்காரரிடம் கேட்டு வாங்கும் ஒரு கை ஐஸ், நேராக வீடு. இது போதும்.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமா?

அப்படியானால் சட்டியை அடுப்பிலேயே விடுவதில் தவறே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது வேறு கதை.

அத்தையின் முறையில் ஓர் அறிவு உண்டு. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் நம் பாட்டிமார்கள் புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெய் மிதக்கக் குழம்பு வைத்து, இரண்டு வேளையும் சுண்ட வைத்துக் காப்பாற்றினார்கள். புளிப்பு கிருமி வளர்வதை மட்டுப்படுத்தும்; கொதி உயிரோடு இருக்கும் கிருமிகளைக் கொல்லும். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டுமே முழுக் காவல் இல்லை. சில கிருமிகள் விதைபோல ஒரு கடினமான உறைக்குள் ஒடுங்கிக்கொள்ளும். அந்த வித்துகள் கொதியில் சாவதில்லை. பெரிய சட்டி இரவு முழுவதும் மெல்ல மெல்ல ஆறும்போது, அதுவும் நாற்பது டிகிரியைத் தாண்டிய அந்த வெதுவெதுப்பில், அவை விழித்துப் பெருகும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமிக்கு இப்படி ஆறும் பெரிய பாத்திரம்தான் பிடித்த இடம். மறுநாள் வயிற்றைப் பிசைந்து போக்கு வந்தால் பல நேரம் காரணம் அதுதான். ஸ்டஃபிலோகாக்கஸ் என்று இன்னொன்று, நம் கையிலும் மூக்கிலும் இருப்பது. கரண்டியை வெறும் கையால் தொட்டு உள்ளே விட்டால் குழம்புக்குள் போய்விடும். அது வளரும்போது விடும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. காலையில் கொதிக்க வைக்கும்போது கிருமி செத்திருக்கும், நஞ்சு சட்டியிலேயே இருக்கும்.

சிங்கப்பூர் உணவு அமைப்பு 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட வெப்பத்தை ஆபத்தான எல்லை என்கிறது. நம் சமையலறை இரவிலும் 28, 29 டிகிரியில் இருக்கும். தோதான சூட்டில் பல கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன. அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிருமி ஏழு மணி நேரத்தில் இருபது லட்சத்தைத் தாண்டிவிடும். நீங்கள் தேங்காய்ப்பால் ஊற்றி வைக்கும் நாட்களில் புளிப்பின் காவலும் குறைந்துவிடுகிறது.

அதனால் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வது இதைத்தான்: மீந்ததை எத்தனை நாள் வைக்கலாம் என்ற கேள்வியைவிட, அடுப்பை அணைத்த முதல் இரண்டு மணி நேரத்தில் அது எங்கே இருந்தது என்ற கேள்வி பெரியது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போன குழம்பை நான் நம்புவேன். இரவெல்லாம் வெளியே இருந்து காலையில் ஃபிரிட்ஜுக்குப் போன குழம்பை, அது ‘ஒரு நாள் குழம்பு’தான் என்றாலும் நம்ப மாட்டேன்.

வாடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாடை வந்தால் கட்டாயம் கொட்டிவிடுங்கள். வாடை வராததை மட்டும் சான்றாக வைத்துக்கொள்ளாதீர்கள். உணவை நாற வைக்கும் கிருமிகள் வேறு, நம்மை நோயில் தள்ளும் கிருமிகள் வேறு. பின்னவை பெரும்பாலும் மணத்தையோ நிறத்தையோ மாற்றுவதில்லை. அதுவும் மிளகும் வெந்தயமும் பூண்டும் போட்ட குழம்பில் மூக்கு என்ன கண்டுபிடிக்கும்!

ஃபிரிட்ஜுக்கு அனுப்பும் முறை

சூடாக வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்ற பயம் பழைய பெட்டிகளின் காலத்தியது. கொதிக்கக் கொதிக்கப் பெரிய சட்டியை அப்படியே உள்ளே வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடாகும் என்பது சரி. அதற்கு வழி, சட்டியைச் சட்டியாக வைக்காமல் பிரிப்பது. அகலமான, ஆழம் குறைந்த டப்பாக்களில் குழம்பு இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். கழுவும் தொட்டியில் ஐஸ் தண்ணீர் பிடித்து டப்பாக்களை அதில் நிற்க வையுங்கள். கால் மணி, இருபது நிமிடத்தில் ஆவி அடங்கிவிடும். டப்பாவின் அடியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே வைத்துவிடலாம். முழுக்க ஆறட்டும் என்று காத்திருந்து தூங்கிப்போவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஃபிரிட்ஜின் உள்வெப்பம் 4 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். ஒரு சின்ன வெப்பமானி வாங்கி நடுத்தட்டில் வைத்துப் பாருங்கள். காற்று போக இடமில்லாமல் அடைத்து வைத்த பெட்டி பல வீடுகளில் 8, 9 டிகிரி காட்டும். சமைத்தது மேல்தட்டில், பச்சை மீனும் இறாலும் மூடிய டப்பாவில் கீழ்த்தட்டில். இந்த வரிசை மாறக் கூடாது. 2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ரோஜாக் சாப்பிட்ட 150 பேருக்கு மேல் நோயுற்று, இரண்டு பெண்கள் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதற்குக் காரணம் பச்சைக் கடலுணவில் இருக்கும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற கிருமி. சமைத்த உணவுக்குப் பச்சைக் கடலுணவிலிருந்து அது தொற்றியிருக்கலாம் என்று அப்போது கருதப்பட்டது. மீன் வெட்டிய கத்தியும் பலகையும் வறுத்த மீனைத் தொடவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இப்படி வைத்த சமைத்த மீன், இறால், கணவாய் மூன்று நாள் தாங்கும். நான்கு நாள் வரை என்று சொல்பவர்களும் உண்டு. நான் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். அதற்குள் தீராது என்று தெரிந்தால் முதல் நாளே ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுங்கள், மூன்றாம் நாள் மிச்சத்தை அல்ல. மைனஸ் 18 டிகிரியில் புளிக்குழம்பு இரண்டு, மூன்று மாதம் ருசியோடு இருக்கும். தேங்காய்ப்பால் குழம்பு திரிந்ததுபோல ஆகும், உருளைக்கிழங்கு மாவாகும், கெடுதல் இல்லை. நண்டை ஓட்டோடு வைப்பதைவிடச் சதையை உதிர்த்து வைத்தால் சீக்கிரம் குளிரும், திரும்பச் சூடு செய்யும்போது உள்வரை சூடு ஏறும். உறைந்ததை முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி இளக விடுங்கள். சமையல் மேடையில் வைத்து இளக்க வேண்டாம்.

திரும்பச் சூடு செய்யும்போது

சாப்பிடும் அளவை மட்டும் எடுங்கள், ஒரே ஒரு முறை சூடு செய்யுங்கள். துண்டின் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட வேண்டும். குழம்பு ஓரத்தில் குமிழியிட்டால் போதாது. ஒரு துண்டைப் பிளந்து பார்த்தால் நடுவிலிருந்து ஆவி வர வேண்டும். மைக்ரோவேவ் ஒரு பக்கம் சுட்டு மறுபக்கம் குளிராகவே விட்டுவிடும். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் பரப்பி, மூடி, பாதியில் நிறுத்தித் திருப்பிவிட்டு, முடிந்ததும் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். கணவாய்க்கு மட்டும் இது பிடிக்காது, ரப்பராகிவிடும். சம்பல் கணவாயை அளவாகச் செய்து அன்றே தீர்ப்பதுதான் நல்லது.

உணவகத்திலிருந்து தபாவ் செய்யும் (பொட்டலம் கட்டி வாங்கி வரும்) சில்லி நண்டுக்கும் இதே கணக்குதான், ஆனால் கடிகாரம் வீட்டில் தொடங்குவதில்லை. தட்டு மேசைக்கு வந்ததிலிருந்து ஓடுகிறது. எட்டு மணிக்கு வந்த நண்டு, பத்து மணிவரை பேச்சு, அப்புறம் எம்ஆர்டி ரயில் என்றால் வீடு வரும்போதே நேரம் தீர்ந்துவிட்டது. உணவு மிஞ்சும் என்று தோன்றினால், யாரும் கை வைப்பதற்கு முன்பே ஒரு பங்கைக் கட்டித் தரச் சொல்லுங்கள். விருந்துகளில் கேட்டரிங் உணவோடு வரும் நேரச்சீட்டையும் பாருங்கள். அதில் போட்டிருக்கும் நேரத்துக்குப் பிறகு மிச்ச இறாலை டப்பாவில் எடுத்து வருவது வேண்டாம், எவ்வளவு மனம் வலித்தாலும்.

மகளுக்கும் அத்தைக்கும் உங்களுக்கும்

மகளின் இறால் சோற்றை நான் தவிர்க்கச் சொல்வேன். காலை ஆறரைக்குக் கட்டினால் பள்ளி இடைவேளைக்குள் மூன்று மணி நேரம் ஆகிவிடும். இறால் மட்டும் அல்ல, முதல் நாள் சோறும் கவலைக்குரியது. வெளியில் கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி விடும் நஞ்சும் சூட்டில் அழியாது. அவள் கேட்டே ஆக வேண்டும் என்றால், காலையில் புதிதாகச் செய்து, கொதிநீர் ஊற்றிச் சூடாக்கிய வெப்பக்காப்புக் குடுவையில் ஆவி பறக்கப் போட்டு மூடுங்கள்.

நீங்கள் மீனை விட வேண்டாம். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு மீன் நல்லது. ஆனால் லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜின் குளிரிலும் மெல்ல வளரும். தாய்க்குச் சளிக்காய்ச்சல் அளவில் வந்து குழந்தையைப் பெரிதாகப் பாதிக்கக்கூடியது. நன்றாகச் சூடு செய்தால் அது சாகும். ஆகவே உங்களுக்கு மூன்று நாள் கணக்கு இல்லை: அன்று, அல்லது மறுநாள், அதுவும் ஆவி பறக்க. முதல் நாள் இறாலைக் குளிராகவே சாலட்டில் போட்டுக்கொள்வது வேண்டாம். அத்தைக்கும் இதே அளவுகோல். வயதும் நீரிழிவும் சேர்ந்தால் ஒரு சாதாரண வயிற்றுப்போக்குகூட மருத்துவமனை வரை கொண்டுபோகும்.

அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் இருக்கிறது. குழம்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஞாயிறு இரவு அவரே வைக்கட்டும், அவர் கைப்பக்குவத்திலேயே. இறக்கியதும் டப்பாக்களில் ஊற்றும் வேலையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜிலும் மீன் ஊறும். திங்களன்று ஒரு டப்பாவை மட்டும் கொதிக்க வைத்து அவருக்கே முதலில் பரிமாறிப் பாருங்கள். ருசி போகவில்லை என்று அவர் நாக்கு சொன்னால் அதற்கு மேல் வாதம் தேவைப்படாது. கணவருக்கு வந்தது அவருடைய குழம்பால் இல்லாமல் இருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வயிறு கெட்டுவிட்டால்

மருந்துக்கடையில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையை, காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருக்கும்போது தாமாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். இரத்தம், அதிகக் காய்ச்சல், தலைசுற்றல், சிறுநீர் குறைவது, எதைக் குடித்தாலும் வாந்தி, இரண்டு நாளைத் தாண்டும் போக்கு: இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். நீங்களோ மகளோ அத்தையோ என்றால் அன்றே போய்விடுங்கள். உங்களுக்கு வெறும் காய்ச்சலும் உடம்புவலியும் மட்டும் வந்தாலும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். அத்தை சாப்பிட முடியாமல் படுத்தால் நீரிழிவு மாத்திரைகளை வழக்கம்போலத் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாத்திரைகளை அந்த நாட்களில் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். வெளியே வாங்கிய உணவால் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் நோயுற்றால் ரசீதை எடுத்து வைத்து, சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் இணையத்தில் புகார் செய்யலாம். மீன் சாப்பிட்ட பின் முகம் சிவப்பதோடு மூச்சுத் திணறலோ, உதடும் நாக்கும் வீங்குவதோ, மயக்கமோ வந்தால், ஒவ்வாமையா ஹிஸ்டமினா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். உடனே ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள்.